முதலில் தண்ணீரைப் பூட்டுங்கள்

எவர்கிளேட்ஸுக்குக் கயாக் எடுத்துக்கொண்டு போய், இரண்டு மூன்று ராத்திரி தங்கி மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பத்திரப்படுத்த வேண்டியது ரீலையோ செல்போனையோ அல்ல, குடிதண்ணீரை.

சுற்றிலும் தண்ணீராகக் கிடக்கிற இடத்தில் தண்ணீருக்கா காவல் என்று கேட்பீர்கள். கிடப்பது அத்தனையும் உப்புத்தண்ணீர். ஃப்ளோரிடாவின் தென்மேற்குக் கரையில் எவர்கிளேட்ஸ் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து தெற்கே ஃபிளமிங்கோ வரைக்கும் அலையாத்திக் காடும் தீவுகளும் ஓடைகளும்தான். இரண்டு இடங்களையும் இணைத்து 99 மைல் நீளத்துக்கு ஒரு படகுவழியைக் குறித்து, வில்டர்னஸ் வாட்டர்வே என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்த வழி நெடுக ஒரு குழாய் கிடையாது. நமக்கு மட்டுமில்லை, அங்கேயே பிறந்து வளர்ந்த ரக்கூன்களுக்கும் நல்ல தண்ணீருக்குத் திண்டாட்டம்தான்.

ரக்கூனை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பூனையைவிடக் கொஞ்சம் பெரிது, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, முன்னங்காலில் நம்மைப் போல ஐந்து விரல். அந்த விரல்களால் ஜிப்பைத் திறக்கும், கட்டை அவிழ்க்கும். இருட்டின பிறகுதான் வரும். கடையில் ஒரு டாலர் சொச்சத்துக்கு விற்கிற மெல்லிய பிளாஸ்டிக் கேனில் தண்ணீரை வைத்துவிட்டுத் தூங்கினால், ஓரத்தில் பல்லைப் பதித்துத் துளை போட்டுவிடும். அது குடிப்பது கொஞ்சம்தான். மீதி மணலுக்குள் போய்விடும். கரைக்கு ஒரு நாள் தூரம் இருக்கும்போது காலி கேனோடு விழித்தால் நிலைமை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால்தான் சாப்பாட்டையும் தண்ணீரையும் இறுக மூடுகிற கெட்டியான பெட்டிக்குள் வைக்கவேண்டும் என்கிறது எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா நிர்வாகம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், குறைக்காதீர்கள். மூன்று நாள் போவதாக இருந்தால் நாலு நாளுக்கான தண்ணீர் வேண்டும். காற்று எதிராக அடித்தால் ஒரு நாள் கூடுதலாகவே ஆகிவிடும். நாலு கேலன் என்றால் கிட்டத்தட்ட 15 கிலோ. இதை ஒரே கேனில் கொண்டுபோகக்கூடாது. ஒன்று ஒழுகினாலும் மற்றது இருக்கவேண்டும். நான் கெட்டியான சின்னக் கேன்களில் நிரப்பி, மரை மூடி போட்ட ஐந்து கேலன் பக்கெட்டிலும் ஒரு சின்ன ஐஸ்பெட்டியிலுமாகப் பிரித்து வைப்பேன். ஐஸ்பெட்டியைச் சுற்றி பக்கிள் வைத்த பெல்ட் ஒன்றை இறுக்கிவிடுவேன். மூடியின் தாழ்ப்பாளை மட்டும் நம்பக்கூடாது, அந்த விரல்கள் அதையும் திறந்துவிடும்.

தண்ணீரை வைக்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கயாக்கின் நடுவில், முடிந்த அளவு தாழ்வாக, உங்கள் இருக்கைக்கு முன்னும் பின்னுமாக. இருப்பதிலேயே கனமான சாமான் அதுதான். அதை முனையில் வைத்தால் கயாக் மூக்கைக் குத்திக்கொண்டு போகும், அல்லது பின்பக்கம் அமுங்கிக் காற்றில் திரும்பிக்கொண்டே இருக்கும்.

தண்ணீரில் ஆரம்பிக்கக் காரணம் இருக்கிறது. சாமான் பாதுகாப்பு என்றதும் நம்மில் பெரும்பாலானவர்கள் விலையைப் பார்த்துத்தான் வரிசை போடுகிறோம். 300 டாலர் ரீலுக்கு உறை, 1,000 டாலர் போனுக்கு நல்ல பெட்டி, மற்றதெல்லாம் ஒரு பாலிதீன் பையில். நான் சொல்கிற வரிசை வேறு. இது தொலைந்தாலோ நனைந்தாலோ எனக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துக் கேட்கவேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் முதலிடம். ராத்திரித் தூக்கம் போகும் என்றால் அடுத்த இடம். மீன் பிடிக்க முடியாது என்றால் கடைசி இடம். தூண்டில் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் அதன் இடம் கடைசிதான்.

கவிழ்ந்தால் உயிர் காக்கிற சாமானுக்குப் பெட்டியே கூடாது, உடம்போடு இருக்கவேண்டும். லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். கவிழ்ந்த பிறகு தண்ணீருக்குள் மிதந்துகொண்டு அதை மாட்டுவது மிகவும் கஷ்டம், முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கயாக் மீனவர்களுக்கென்று தைத்த ஜாக்கெட்டுகளில் முதுகுப்பக்க நுரை மேலே ஏறி இருக்கும், இருக்கையில் சாய்ந்தால் உறுத்தாது. முன்பக்கம் பைகள் நிறைய. விசில், சின்னக் கத்தி, ராத்திரிக்கு ஒரு வெள்ளை விளக்கு எல்லாம் அந்தப் பைகளில் இருக்கவேண்டும். ஜாக்கெட், ஒலி எழுப்பும் கருவி, இருட்டில் காட்ட விளக்கு, இந்த மூன்றும் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விதிப்படியே கட்டாயம்.

அந்தப் பைகளில் இன்னொன்றும் இருக்கவேண்டும். பிஎல்பி என்று சொல்கிற பீக்கன். போன முறை மச்சான் புதிதாக வாங்கி வந்திருந்தார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"டிரை பேக்குக்குள்ளதான் மாப்ள, உள்ளுக்குள்ள இன்னொரு ஜிப் கவர் போட்டு பத்திரமா வச்சிருக்கேன்."

"கயாக் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் போயிட்டா?"

அவர் பதில் சொல்லவில்லை. பேக்கைத் திறந்து, பீக்கனை எடுத்து, ஜாக்கெட் பையில் போட்டுக் கயிற்றை வளையத்தில் முடிந்துகொண்டார்.

கைக்குள் அடங்குகிற சின்னக் கருவி அது. ஆன்டெனாவை விரித்துப் பட்டனை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் சமிக்ஞை போகும், செயற்கைக்கோள் வழியாக மீட்புப் படைக்குச் சேரும். மாதச் சந்தா கிடையாது. வாங்கினவுடன் அமெரிக்க அரசின் நோவா (NOAA) அமைப்பில் பதிவு செய்யவேண்டும், அதற்கும் காசு இல்லை. பேட்டரி காலாவதி ஆகும் தேதி முதுகில் அச்சிட்டிருக்கும். கிளம்புவதற்கு முன் அந்தத் தேதியைப் பாருங்கள். உள் தீவுகளில் பெரும்பாலான இடத்தில் செல்போனுக்குச் சிக்னல் இல்லை, அதனால் போனை நம்பி இந்தச் செலவைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது கட்டுவது. கவிழ்ந்துவிடும் என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் கட்டுமரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கட்டுமரத்தில் அலை மேலே ஏறும், மரங்களின் இடைவெளி வழியாக இறங்கிவிடும். அதில் போகிறவர்கள் எதையும் சும்மா வைப்பதில்லை. வலை, துடுப்பு, சோற்றுப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் ஒரு கயிறு. இன்று மீன்பிடிக்கு வாங்குகிற சிட்-ஆன்-டாப் கயாக்கும் அப்படித்தான் வேலை செய்கிறது. மேலே உட்கார்ந்துகொள்கிறோம், ஏறுகிற தண்ணீர் ஸ்கப்பர் துளைகள் வழியாக வடிந்துவிடுகிறது. ஒரே வித்தியாசம், கட்டுமரத்துக்கு உள்பக்கம் கிடையாது. கயாக்குக்கு உண்டு, ஆபத்தும் அங்கேதான்.

கயாக்கின் உள்ளே வெறும் காற்று. ஹேட்ச் மூடி சரியாக உட்காராவிட்டாலோ, அடியில் தண்ணீர் வடிக்கிற பிளக்கைத் திருக மறந்தாலோ, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேரும். மேலே இருப்பவருக்குத் தெரியாது. கயாக் சோம்பலாக நகர்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். உள்ளே சேர்ந்த தண்ணீர் கயாக் சாயும்போது சாய்ந்த பக்கமே ஓடும், சாய்வை இன்னும் கூட்டும். அதனால் ஹேட்சுக்குள் வைக்கிற சாமானும் டிரை பேக்கில்தான் இருக்கவேண்டும். மூடியிருக்கிறதே என்று சும்மா போடக்கூடாது. மிச்சமிருக்கிற இடத்தில் நீச்சல்குளத்தில் பிள்ளைகள் வைத்து விளையாடுகிற நீள நுரைக் குழாய்களைச் செருகி வையுங்கள். தண்ணீர் புகுந்தாலும் அவை அடைத்திருக்கிற இடத்துக்கு வராது. செலவு ஐந்தாறு டாலர்தான்.

கயிறு கட்டுவதிலும் அளவு வேண்டும். துடுப்புக்கு, தூண்டில் கம்புக்கு, இடுக்கிக்கு, மீன் அளக்கும் பலகைக்கு என்று ஆளுக்கொரு சுருள் கயிறு போட்டுக்கொண்டே போனால், கவிழும்போது நம் காலே அதில் சிக்கும். குட்டையான கயிறுகளாக, ஒரு கையால் கழற்றக்கூடிய கொக்கிகளாக வையுங்கள். ஜாக்கெட்டில் கத்தி வைத்துக்கொள்ளச் சொன்னதும் இதற்காகத்தான். சாமான் ஏற்றினபடியே, இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு முறை வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். எது கழன்று மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று தெரிந்துபோகும். திரும்ப ஏறத் தெரிகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

துளை போடுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். புதுக் கயாக் வந்ததும் தூண்டில் கம்பு தாங்கி, மீன் காட்டும் கருவிக்கு மேடை, நங்கூரத்துக்குக் கப்பி என்று டிரில்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தோன்றும். பெரும்பாலான மீன்பிடிக் கயாக்குகள் பாலிஎத்திலீனில் செய்தவை. பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. தப்பாகப் போட்ட துளையை எம்-சீல் மாதிரி எதையாவது அப்பி அடைத்துவிடலாம் என்று நினைக்கவேண்டாம். அதனால் முதலில் தாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கையில் உட்காருங்கள், துடுப்பைச் சுழற்றிப் பாருங்கள். முட்டி இடிக்கிறதா, துடுப்பு தட்டுகிறதா என்று பார்த்த பிறகு பென்சிலால் குறியுங்கள். கை உள்ளே போகிற இடமென்றால் போல்ட்டும் நட்டும், பின்னால் ஒரு தகடும் போடுவதுதான் நல்லது. கை போகாத இடத்தில் மூன்றாகப் பிளந்து விரிகிற ரிவெட். எதுவானாலும் மரைன் சீலன்ட் தடவாமல் இறக்கக்கூடாது. நீர்மட்டத்துக்குக் கீழே வருகிற இடத்தில் துளையே வேண்டாம்.

திருகாணியை 316 ரக ஸ்டெயின்லெஸில் வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் வழக்கமாகக் கிடைப்பது 304. அது சமையலறைக்குப் போதும், உப்புக்காற்றில் காவிப்புள்ளி விழும். சாமான் மாட்டுகிற அலுமினியத் தண்டவாளத்தில் ஸ்டெயின்லெஸ் திருகாணி போட்டால் வேறொரு வம்பு. இரண்டு உலோகமும் உப்புத்தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். திருகாணியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கடைசியில் திருகாணி அசையவே அசையாது. மாட்டும்போதே மரையில் அதற்கென்று விற்கிற பசையைத் தடவிவிட்டால் பல வருஷம் கழித்தும் கழற்றலாம்.

இனி ராத்திரித் தூக்கம். எவர்கிளேட்ஸில் கூடாரம் போட மூன்று வகை இடங்கள் உண்டு. கடலோரத் தீவுகளில் மணல்கரை. உள்ளே தள்ளி, காலுசா ஆதிகுடிகள் தின்று குவித்த சிப்பி ஓடுகளால் உயர்ந்த மேடுகள். தரையே இல்லாத இடங்களில், தண்ணீருக்கு மேல் தூண்கள் நட்டுப் பலகை அடித்துக் கூரை போட்ட சிக்கீ மேடைகள். ஒரு மேடை பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். எந்த ராத்திரி எங்கே என்பதை அனுமதிச்சீட்டு வாங்கும்போதே சொல்லிவிடவேண்டும். அந்தச் சீட்டின் நகல் ஒன்றை வீட்டிலும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மூன்றுக்கும் ஒரே கூடாரம் சரிப்படாது என்று பயமுறுத்துவார்கள். சரிப்படும், அது தன் கம்பிகளின் பலத்திலேயே நிற்கிற கூடாரமாக இருந்தால். சிக்கீயில் ஆணி அடிக்கக்கூடாது, முளைக்குச்சி இறங்காது. நாலு மூலையையும் கயிற்றால் தூணில் கட்டிக்கொள்ளலாம். மணல்கரைக்கு நீளமான அகல முளைகள் தனியாக வேண்டும். சிப்பி மேட்டில் ஓடுகளின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். கூடாரத்துக்கு அடியில் கெட்டியான ஒரு விரிப்பு இல்லாமல் படுத்தால் தரைத் துணியும் காற்று மெத்தையும் ஒரே ராத்திரியில் கிழியும். அதே ஓடுகள் கரையோரத் தண்ணீருக்குள்ளும் கிடக்கின்றன, அதனால் வெறுங்காலோடு இறங்கவே கூடாது.

கூடாரம் வாங்கும்போது வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொசுவுக்கு மட்டும் போட்ட வலை அங்கே உதவாது. நோ-சீ-அம் என்று ஒரு பூச்சி இருக்கிறது, மணல் துகள் அளவுதான் இருக்கும். பொழுது சாய்ந்து காற்று நின்றதும் திரளாக வரும், சாதாரணக் கொசுவலைக்குள் நுழைந்துவிடும். அதற்கென்றே நெருக்கமாக நெய்த வலை உண்டு. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை உள்ள வறண்ட காலத்தில் போனால் கொசு குறைவு. அந்தப் பூச்சிக்கு அப்படி ஒன்றும் விடுமுறை இல்லை.

பூச்சிக்குத் தடவுகிற மருந்து சாமானுக்கு என்ன செய்யும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டீட் கலந்த மருந்து சில வகைப் பிளாஸ்டிக்கையும் செயற்கைத் துணியையும் கரைக்கும். மூக்குக்கண்ணாடியின் பூச்சு, கடிகாரத்தின் முகப்பு, தூண்டில் லைன் எல்லாவற்றிலும் அது கைவழியாகப் போய் ஒட்டும். பிகாரிடின் கலந்த மருந்துக்கு அந்தக் குணம் இல்லை. கயாக்கில் நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். துணிமணிக்கு வீட்டிலேயே பெர்மெத்ரின் தெளித்து நன்றாக உலர்த்தி எடுத்துப் போனால் பாதித் தொல்லை தீர்ந்தது.

டிரை பேக்கில் எல்லோரும் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று. வாயை மூன்று சுற்றாவது சுருட்டவேண்டும். அதற்கு மேலே இடம் விட்டு நிரப்பவேண்டும். முட்ட முட்ட அடைத்துவிட்டு ஒரு மடிப்போடு பக்கிளைப் போட்டால் அது வெறும் பைதான். காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டுச் சுருட்டுங்கள். பெரிய பை ஒன்றைவிடச் சின்னப் பைகள் நாலு நல்லது. தூங்கும் பையும் ராத்திரிக்கு மாற்றுத் துணியும் இரட்டைப் பைக்குள் இருக்கட்டும். ஃப்ளோரிடாதானே, குளிர் எங்கே வரப்போகிறது என்று நினைக்காதீர்கள். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்குகிற நாட்களில் பகலில் நனைந்த உடம்போடு ராத்திரியைக் கழிப்பது ஆபத்து. வாத்து இறகு அடைத்த தூங்கும் பை நனைந்தால் சூடு தராது, செயற்கை நார் அடைத்தது ஓரளவு தரும். உப்புத்தண்ணீர்ப் பயணத்துக்கு இரண்டாவதுதான் என் தேர்வு.

கெட்டிப் பெட்டிகளில் கவனிக்கவேண்டியது மூடியைச் சுற்றி ஓடுகிற ரப்பர் வளையம். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் அதன் மேல் கிடந்தால் போதும், பெட்டியின் விலை என்னவாக இருந்தாலும் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு முறை மூடும்போதும் விரலால் வளையத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கிற பழக்கம் வேண்டும். வருஷத்துக்கொரு முறை சிலிகான் கிரீஸ் லேசாகப் பூசுங்கள். இன்னொன்று, வெளியிலிருந்து வருகிற தண்ணீரை மட்டும் யோசித்தால் போதாது. மதிய வெயிலில் புழுக்கக் காற்றோடு மூடின பெட்டி ராத்திரி குளிரும்போது, உள்ளே இருக்கிற ஈரம் கேமரா லென்ஸில் முத்து முத்தாக நிற்கும். காலையில் மூடுங்கள், உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள்.

போன் பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று எழுதியிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். சோதித்தது நல்ல தண்ணீரில். உப்புத்தண்ணீர் காய்ந்து சார்ஜ் போடுகிற துளையில் படிவதற்கு அந்த எண் பொறுப்பேற்காது.

சமையல் சாமானைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடுப்பில் இருக்கிற பட்டன் லைட்டர் உப்புக்காற்றில் சீக்கிரம் செத்துவிடும், தனியாக இரண்டு லைட்டர் காயும் இடத்தில் வையுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு மூன்றும் மரை மூடி போட்ட சின்னக் குப்பிகளில். மீன் சுத்தம் செய்கிற இடம் கூடாரத்திலிருந்து தள்ளி இருக்கவேண்டும். ரக்கூன் மட்டுமில்லை, முதலையும் வாசனைக்கு வரும். அமெரிக்க முதலை, அலிகேட்டர் இரண்டும் சேர்ந்து வாழ்கிற காடு இது.

இப்போது தூண்டில். கடைசி இடம் என்றேனே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே பிடிக்கிற மீன்களில் ஸ்னூக்தான் ராஜா. நம் கொடுவாயைப் பார்த்தவர்கள் ஸ்னூக்கைக் கையில் எடுத்தால் ஒரு கணம் ஊர் நினைவு வந்துவிடும், அதே சரிந்த நெற்றி, அதே பெரிய வாய். மீனியலாளர்களும் ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். உடம்பில் ஓடுகிற அந்தக் கறுப்புக் கோடுதான் ஸ்னூக்கின் அடையாளம். கூடாரம் போடத் தோதான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தக் கரையில் ஸ்னூக்கை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. பிடித்தால் விட்டுவிடவேண்டும். அதனால் தூண்டில் முள்ளின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டுப் போங்கள், மீனுக்குக் காயம் குறையும், நம் விரலில் ஏறினாலும் சுலபமாகக் கழற்றலாம். மற்ற மீன்களின் அளவும் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே இருக்கின்றன. லைசென்ஸ் எடுக்கும்போதே மாநில மீன்வளத் துறையின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு கம்பு போதும். ஆறு கம்பு நட்டுக்கொண்டு அலையாத்திக் கிளைகளுக்கு அடியில் நுழைய முடியாது. ஓடைக்குள் போகும்போது கம்புகளைப் படுக்கவைத்து நுனியை உறைக்குள் விட்டுவிடுங்கள். நுனி வளையம்தான் முதலில் உடைகிறது.

இரையைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். உப்புத்தண்ணீரில் போட்டு எடுத்த இரையை அப்படியே மற்ற இரைகளோடு பெட்டிக்குள் போடாதீர்கள். போட்டால் மூன்றாம் நாள் திறக்கும்போது தெரியும். அந்த ஒரு மூன்று முள் கொக்கியின் கழுத்தில் ஆரஞ்சு நிறத்தில் துரு, அது தொட்டுக்கொண்டிருந்த வெள்ளை ரப்பர் மீனில் அதே நிறத்தில் கறை, பக்கத்து அறையில் தொடாத புதுக் கொக்கியிலும் புள்ளி புள்ளியாக. உப்பு ஈரத்தைக் காற்றிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும், மூடின பெட்டிக்குள் அது எல்லாவற்றுக்கும் பரவிவிடும். உபயோகித்த இரைக்கென்று வாயகன்ற பாட்டில் ஒன்று தனியாக வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, துணியில் பரப்பிக் காயவைத்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் என்றேன். சாமானுடைய ஆயுள் அங்கேதான் தீர்மானமாகிறது. களைப்பாக இருக்கும், தோள் வலிக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் உப்பு காய்ந்துவிட்டால் படிகமாகி ஜிப்பின் பல்லிலும் ரீலின் உள்ளேயும் உட்கார்ந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே அலசினால் தண்ணீரோடு போய்விடும். குளிப்பதற்கு முன்னால் அலசிவிடுங்கள்.

ரீலை அலசுவதில்தான் தப்பு நடக்கிறது. தோட்டக் குழாயைத் திறந்து வேகமாகப் பீய்ச்சி அடித்தால் உப்பு வெளியே வராது, பேரிங்குக்குள்தான் போகும். டிராக் குமிழை நன்றாக இறுக்குங்கள், உள்ளே தண்ணீர் போகும் வழி அடைபடும். பிறகு பூத்தூறல் மாதிரி லேசாகத் தண்ணீர் விடுங்கள், துணியால் ஒற்றி எடுங்கள். அலசி முடித்ததும் டிராக்கை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கிற வட்டத் தகடுகள் அமுங்கி, அடுத்த முறை பெரிய மீன் இழுக்கும்போது லைன் சீராக ஓடாமல் உதறும். கைப்பிடி சுழல்கிற இடத்திலும் லைன் உருளையிலும் ஒரு சொட்டு எண்ணெய். கம்பின் வளையங்களை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்கவேண்டும், அடிப்பாகத்தில் பச்சையாகப் பிடிப்பது அங்கேதான்.

லைஃப் ஜாக்கெட்டின் ஜிப், கூடாரத்தின் ஜிப், டிரை பேக்கின் பக்கிள், வண்டிக்கூரையில் கயாக்கைக் கட்டின பெல்ட்டின் பல் எல்லாவற்றையும் பெரிய தொட்டியில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு எடுங்கள். கூடாரக் கம்பிகளையும் மறக்கவேண்டாம், அலுமினியக் கம்பிகளின் இணைப்பில் உப்பு பூத்தால் அடுத்த முறை ஒன்றுக்குள் ஒன்று இறங்காது. கூடாரத் துணியை வெயிலில் நேரடியாகப் போடாமல் நிழலில், காற்றோட்டமாக, தையல் மடிப்பு வரைக்கும் உலர விடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், உள்பக்கத்து நீர்த்தடைப் பூச்சு பிசுபிசுவென்று உரிந்துவரும். அதற்குப் பிறகு அந்தக் கூடாரத்தைக் காப்பாற்ற வழியில்லை.

கயாக்கை முனைக் கைப்பிடிகளில் தொங்கவிடாதீர்கள், நடுவில் வளைந்துவிடும். விலாப்பக்கமாகச் சாய்த்தோ கவிழ்த்தோ நிழலில் வைத்தால் போதும். ஹேட்சைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வெயில்தான் பிளாஸ்டிக்குக்குப் பெரிய எதிரி. வண்டியில் கட்டும்போதும் கோடை வெயிலில் பெல்ட்டை இறுக்கி நாள் முழுக்க விட்டால் அடிப்பாகம் குழி விழும். குழி விழுந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெயிலில் கவிழ்த்து வையுங்கள், பெரும்பாலும் தானாகவே நிமிர்ந்துவிடும்.

எந்தக் கயாக் வாங்கலாம் என்பதைத்தான் எனக்கு வருகிற கடிதங்களில் முதலில் கேட்கிறார்கள். நான் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் முதல் பயணத்துக்கு வாங்கவே வேண்டாம். எவர்கிளேட்ஸ் சிட்டியிலும் ஃபிளமிங்கோவிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. கயாக்குக்கென்று வைத்திருந்த பணத்தில் நல்ல ஜாக்கெட், பீக்கன், கெட்டித் தண்ணீர்ப் பெட்டி மூன்றையும் வாங்குங்கள். மிச்சம் இருந்தால் எடை குறைந்த துடுப்பு ஒன்று. நாள் முழுக்கத் தூக்கி இறக்கப்போவது அதைத்தான், கால் கிலோ குறைந்தால்கூடச் சாயங்காலம் தோளுக்குத் தெரியும். வாடகைக் கயாக்கில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்தால், எவ்வளவு நீளம் வேண்டும், மிதிக்கிற கயாக் வேண்டுமா, துடுப்பே போதுமா, உங்கள் சாமான் எவ்வளவு கனம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். கடைக்காரர் சொல்கிற எடைத் தாங்குதிறனில் முக்கால் பங்குக்குள் நீங்களும் சாமானும் தண்ணீரும் அடங்குகிற கயாக்காகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.